குவாண்டம் கம்பியில் காந்தப்புலமே இல்லாமல் 0.7இல் படி எப்படி வருகிறது?

பாலக்கோட்டு மாணவன்:
முதுகலை இயற்பியல் படிக்கிறேன். கருத்தரங்குக்குக் குவாண்டம் கம்பியை, அதாவது எலக்ட்ரான்கள் போகும் மிகக் குறுகிய மின்பாதையை, எடுத்து மாட்டிக்கொண்டேன். தக்காளி மண்டி எடைச் சீட்டின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டுப் பார்த்தேன். பாதையை நெரிக்கும் மின்முனையின் (கேட்) மின்னழுத்தத்தை மாற்றினால் கடத்துத்திறன் 77.5 மைக்ரோசீமன்ஸ் உயரப் படிகளாக ஏறுகிறது; 1988இல் கண்டது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஒவ்வொரு வழியாகத் திறப்பது போல என்று புரிந்துகொண்டேன். ஒரு வழியில் எலக்ட்ரானின் இரண்டு தற்சுழற்சிகளும் (ஸ்பின் மேல், கீழ்) போகும். வலுவான காந்தப்புலத்தில் இரண்டும் பிரிந்து பாதி உயரத்திலும் படி வரும். அதுவரை சரி. புலமே இல்லாதபோது முதற்படிக்குக் கீழே, அதன் உயரத்தில் 0.7 மடங்கில் எதற்கு ஒரு படி?

தருமபுரி பழைய வாத்தியார்:
தம்பி, சுங்கச்சாவடி எண்ணிக்கைக்கு உதவும், இதற்கு உதவாது. அங்கே லாரியை லாரி விரட்டுவதில்லை. தொப்பூர் கணவாய்க்கு வா. சேலத்திலிருந்து ஏறும் பாரவண்டி உச்சிக்கு அருகில் முதல் கியரில் ஊர்கிறது; பின்னால் வண்டிகள் நெருங்கிவிடுகின்றன. கம்பியின் நடுவில் கேட் எழுப்பும் மின்னழுத்த மேட்டில் எலக்ட்ரானுக்கும் அதே கதி. வேகம் குறைகிறது, நெருக்கம் கூடுகிறது, ஒன்றையொன்று விலக்குவது அங்கேதான் உறைக்கிறது. 2013இல் இப்படி ஒரு விளக்கம் வந்தது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

தற்சுழற்சிக்கு இதில் பங்கு உண்டு என்பதற்குச் சாட்சி வேறு. 1996இல் கேம்பிரிட்ஜில் புலத்தை ஏற்ற ஏற்ற, 0.7 மெல்ல வழுக்கி 0.5க்கு வந்து சேர்ந்தது.

ஓசூர்க்காரர்:
ஐயா, வெப்பநிலையை விட்டுவிட்டீர்கள். சூடேறினால் மற்றப் படிகள் மழுங்குகின்றன, இதுவோ தெளிகிறது. மிகக் குளிர்ந்தால் முழுப்படியை நோக்கி உயர்கிறது. 2002இல் இதைக் கோண்டோ விளைவோடு ஒப்பிட்டார்கள். அதாவது, நடுவில் சிக்கிய ஓர் எலக்ட்ரானின் தற்சுழற்சியைக் குளிரில் மற்றவை சூழ்ந்து மறைக்கின்றன, பாதை முழுதாகத் திறக்கிறது. சூட்டில் அந்த மறைப்பு கலைகிறது.

தருமபுரி பழைய வாத்தியார்:
சரிதான். ஆனால் சிக்குவதற்குப் பள்ளம் வேண்டுமே? உச்சியில் யார் வண்டியை நிறுத்துவார்கள்? ஊர்ந்து நெருங்குவதே போதும். சூடேறினால் மோதல் கூடிக் கடத்துத்திறன் இறங்கும். வழக்கு இன்னும் முடியவில்லை.

தம்பி, இரண்டையும் சொல். வெப்பநிலை வரைபடத்தை நீயே முதலில் காட்டிவிடு. அங்கேதான் மடக்குவார்கள்.

பாலக்கோட்டு மாணவன்:
நன்றி ஐயா. வேறு தாளில் வரைகிறேன். எடைச் சீட்டை அப்பா கணக்குக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.