டிடிஜி அதிகம், பயாப்ஸி நார்மல்: எதை நம்புவது?

கேள்வி: தங்கைக்கு வயது 29. ஹீமோகுளோபின் 9, இரும்பு மாத்திரை போட்டும் ஏறவில்லை. சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையான டிடிஜி ஐஜிஏ 46 (எல்லை 10). எண்டோஸ்கோப்பியில் பயாப்ஸிக்காகச் சிறுகுடலிலிருந்து 2 துண்டு எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் மார்ஷ் 0 (குடல் திசுவில் பாதிப்பு இல்லை). சீலியாக் இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில் 1: விட்டுவிடாதீங்க. 2 துண்டு போதவே போதாது. சீலியாக் குடலைத் திட்டுத்திட்டாகவும் தாக்கலாம்; ஒரு திட்டு தப்பினால் ரிப்போர்ட் நார்மல். முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் 1 அல்லது 2, அதைத் தாண்டிக் குறைந்தது 4 துண்டு வேண்டும். துண்டு சாய்வாக வெட்டுப்பட்டாலும் குடலுறிஞ்சியின் (குடல் உட்சுவரில் விரல் போல நீளும் பகுதி) உயரத்தைச் சரியாக அளக்க முடியாது. அதே ஸ்லைடை குடல் நோயியலில் பழகிய இன்னொருவரிடம் காட்டுங்க.

பதில் 2: ஸ்கோப்புக்கு முன் கோதுமை சாப்பிட்டாங்களா? இட்லி, சோறு மட்டும் என்றால் குடல் ஆறியிருக்கலாம். மறுபடி எடுப்பதாக இருந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தினமும் 2 சப்பாத்தி, 6 முதல் 8 வாரம். ரவை, மைதா, சேமியாவும் கணக்கில் சேரும்.

கேள்வி கேட்டவர்: இரத்த ரிப்போர்ட் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டோம். 2 மாதம் கழித்துத்தான் ஸ்கோப். இரத்தத்தில் மொத்த ஐஜிஏ (ஒரு வகை எதிர்ப்பொருள்) அளவும் பார்க்கணுமா?

பதில் 1: அப்போ அந்த நார்மலை நம்பவே கூடாது. மொத்த ஐஜிஏ, டிடிஜி குறைவாக வந்தால்தான் முக்கியம், இங்கே தேவையில்லை. ஈஎம்ஏ (சீலியாக்குக்கான இன்னொரு இரத்தப் பரிசோதனை) பாருங்க. கல்லீரல் நோயிலும் டிடிஜி கொஞ்சம் ஏறும், ஈஎம்ஏ அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. எச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் மட்டும் உறுதியாகிவிடாது.