மறு: பம்பு 'ஹெட்'டுக்குத் தமிழ் – 'ஏறுமட்டம்' என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பம்பு தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றும் என்பதைக் குறிக்கிற 'ஹெட்' (head) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துவருகிறேன். தலை, தலையம், நீர்த்தலை, ஏற்றம், நீரழுத்தம் என்று ஐந்து சொல் வந்துவிட்டன. ஆனால் எந்த மடலிலும் 'ஹெட்' ஒரு முழு வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. அகராதியில் தனியாக நிற்கிற சொல்லை எடுத்துவைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக இன்னொரு தனிச்சொல்லைத் தேடுகிறோம். முதலில் வாக்கியங்களை எழுதுவோம், சொல் அப்புறம் வரட்டும்.

நான் நீடாமங்கலம் பக்கத்துக்காரன். அதனால் என் வாக்கியங்களில் தண்ணீர்தான் அதிகம் ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஹெட்டைத் திறந்தாச்சு" என்று பாசனத் துறையில் வேலை பார்த்த பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்றிலிருந்து இன்னொரு ஆறோ வாய்க்காலோ பிரிகிற இடத்தில் இருக்கும் கட்டுமானம் அது. அதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், ஊரிலேயே இருக்கிறது: தலைப்பு. வெண்ணாறு எங்கள் ஊருக்கு அருகே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அந்த இடத்துக்கு மூணாறு தலைப்பு என்றுதான் பெயர். வெளியூர்க்காரருக்குத் தலைப்பு என்றால் கட்டுரைத் தலைப்பு, வீட்டுப் பெண்களுக்குப் புடவைத் தலைப்பு. எங்களுக்கு ஆறு பிரிகிற இடமும் தலைப்புதான், யாரும் இதுவரை குழம்பியதில்லை.

"ஹெட் ரீச்சில் நடவு முடிந்தது, டெயில் எண்டுக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை." இதற்குத் தலைமடை, கடைமடை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கிற ஆண்டுகளில் எல்லாம் செய்தித்தாள்கள் இந்த இரண்டு சொல்லையும் வைத்துத்தான் எழுதுகின்றன. "இந்தச் செலவு வேறு ஹெட்டில் வருகிறது" என்றால் கணக்குத் தலைப்பு. "ஹெட்டிங் ஸ்டேஜில் தண்ணீர் நிற்க வேண்டும்" என்று வேளாண் அலுவலர் சொன்னால் கதிர் வெளிவரும் பருவம். "இருநூறு ஹெட் மாடு" என்றால் இருநூறு உருப்படி. "ஹெட்டுக்கு நூறு ரூபாய்" என்றால் மட்டும் நேரே தலைக்கு நூறு ரூபாய். அந்த ஒரு இடத்தில் ஆங்கிலமும் தமிழும் ஒரே உறுப்பைத் தொட்டிருக்கின்றன.

ஆக, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்தாறு தமிழ்ச் சொற்கள், எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. இதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. பல பொருள் குறித்த ஒரு சொல்லை எப்படிப் பிரித்தறிவது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வழி சொல்லியிருக்கிறது: வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் பொருள் தெரியவரும். உரையாசிரியர்கள் இதற்கு 'மா' என்ற சொல்லைக் காட்டுவார்கள். மா பூத்தது என்றால் மரம், அது வினையால் தெரிகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம்தான், அது இனத்தால். கவசம் அணிந்து நிற்பவன் மா கொண்டுவா என்றால் குதிரை, அது சார்பால். எங்கள் பக்கத்து உழவர் "மூணு மா சம்பா" என்றால் ஒரு ஏக்கர் நிலம். இருபது மா ஒரு வேலி. மரமும் குதிரையும் நிலமும் ஒரே எழுத்தில் இருந்தும் பேச்சு தடைபடுவதில்லை.

அதே கருவியை 'ஹெட்' மீது வைத்துப் பாருங்கள். 'திறந்தது' என்ற வினை வந்தால் தலைப்பு. பக்கத்திலேயே 'டெயில்' இருந்தால், இனத்தால் தலைமடை. பம்பு விற்கிற கடையில் நின்றுகொண்டு கேட்டால், சார்பால் வேறொரு பொருள். இந்தக் கடைசிப் பொருளுக்குத்தான் நம்மிடம் ஊர்ச்சொல் இல்லை. இழை முழுவதும் நாம் தேட வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கு மேட்டுப்பாங்கான வயல் இரண்டு மா இருக்கிறது. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் போனாலும் அதில் தண்ணீர் ஏறாது. டீசல் பம்பு ஒன்று வாங்கலாம் என்று போனார். கடைக்காரர் மூன்று குதிரைத்திறன் போதும் என்று ஒன்றை எடுத்துவைத்து, கூடவே தமிழில் அச்சடித்த விவரத்தாளையும் கொடுத்தார். அதில் 'உறிஞ்சு தலை 6 மீ., மொத்தத் தலை 12 மீ.' என்று இருந்தது. சித்தப்பா நன்றாகப் படிப்பவர். தலை என்றால் குழாயின் தலை என்று எடுத்துக்கொண்டார். தம்பி, வாய்க்காலுக்கும் வயலுக்கும் அறுபது மீட்டர் இருக்கு, இது பன்னிரண்டு மீட்டர் குழாய்க்குத்தான் தாங்குமாம் என்று எனக்குப் போன் செய்தார். நான் அப்போது வெளியூரில் இருந்தேன், போனை எடுக்கவில்லை. அவர் ஐந்து குதிரைத்திறன் பம்பாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தூக்க வேண்டிய உயரம் இரண்டு மீட்டர்கூட இல்லை. அறுபது மீட்டர் என்பது படுக்கைவாட்டத்தில் போகிற தூரம். அதில் உராய்வால் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். கொஞ்சம் அகலமான குழாயாகப் போட்டிருந்தால் மூன்று குதிரைத்திறனே தாராளம். ஒவ்வொரு சம்பாவுக்கும் அந்தப் பெரிய இன்ஜின் குடிக்கிற டீசலைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்தத் தாளில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஒரே ஒரு சொல் வேறு இடத்துச் சொல்லாக இருந்தது.

சரி, அந்தப் பொருள் என்ன? கொத்தனார் சுவருக்கு மட்டம் பார்ப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். பத்துப் பதினைந்து அடி நீளமுள்ள தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை இந்த மூலையிலும் மறு நுனியை அந்த மூலையிலும் பிடிப்பார்கள். தண்ணீர் கொஞ்சம் ஆடும், ஏறும், இறங்கும், அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றுவிடும். அங்கே பென்சிலால் கோடு போடுவார். அதே தெளிவான குழாயை ஓடுகிற பம்பின் வெளிக்குழாயில் ஒரு துளை போட்டுச் செருகி, செங்குத்தாகத் தூக்கிப் பிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதற்குள் ஏறி ஓர் உயரத்தில் நிற்கும். அந்த உயரம்தான் நாம் பெயர் தேடுகிற பொருள். அதனால்தான் அதை மீட்டரில் அளக்கிறார்கள். ஓட்டத்தின் வேகத்தால் வரும் பங்கு தனி, அதையும் உயரமாகவே கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள்.

இதற்கு நான் முன்வைக்கும் சொல்: ஏறுமட்டம்.

இனி, வந்த கருத்துகளுக்கு.

> 'தலை' என்றே வைத்தால் என்ன? அவர்களும் உடலுறுப்பிலிருந்துதானே எடுத்தார்கள்?

அவர்கள் எடுத்த வழி வேறு. ஆற்றின் தொடக்கத்தையும் அப்படிச் சொன்னார்கள், ஆலைச் சக்கரத்துக்கு மேலே தேக்கிவைத்த தண்ணீரையும் அதன் உயரத்தையும் அதே சொல்லால் சொன்னார்கள். அவர்கள் காதுக்கு அது பழகிப்போன பாதை. தமிழில் தலை என்ற சொல் தலைமடை, தலைப்பு, தலைவாசல், தலைச்சன் என்று முதன்மையின் பக்கம் நடந்திருக்கிறது. தண்ணீர் நிற்கும் உயரத்தின் பக்கம் நடக்கவே இல்லை. நடக்காத வழியில் ஒரே நாளில் அதைத் தள்ளினால், படிக்கிறவர் தனக்குத் தெரிந்த தலைக்குத்தான் போவார். சித்தப்பா போனது அப்படித்தான்.

> நீரழுத்தம் எல்லோருக்கும் புரிகிற சொல். அதையே வைக்கலாம்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். அழுத்தத்தைக் கிலோவில் சொல்கிறோம், இதை மீட்டரில் சொல்கிறோம். தண்ணீருக்குப் பத்து மீட்டர் உயரம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த எண்ணெயை அதே பம்பில் விட்டால், பாகுத்தன்மை தடுக்காத வரை, அது ஏற்றுகிற உயரம் மாறாது, அழுத்தம் குறைந்துவிடும். பாடம் நடத்தும் ஆசிரியர் இதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வாக்கியத்தில் இரண்டு சொல் வேண்டும்.

> 'ஏற்றம்' நம் மரபுச் சொல்லாயிற்றே. அதைவிடவா?

ஐயா, நீங்கள் இதை எழுதியபோது நான் ஒரு நாள் முழுக்க உங்கள் பக்கம்தான் இருந்தேன். கிணற்றின் மேல் நீண்ட மரம், அதில் ஆள் முன்னும் பின்னும் நடப்பது, கூடவே பாட்டு எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. ஆனால் இரண்டு தடை தெரிகிறது. ஏற்றம் என்றால் யாரோ ஒருவர் ஏற்ற வேண்டும். தலைப்பில் ஷட்டருக்கு மேல்பக்கம் தண்ணீர் நான்கு அடி கூடுதலாக நிற்கிறது என்று வையுங்கள். அதுவும் 'ஹெட்'தான், அங்கே யாரும் எதையும் ஏற்றவில்லை, தண்ணீர் தானாக நிற்கிறது. இரண்டாவது, 'விலை ஏற்றம்' போல எதுவும் கூடுவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே வேலை செய்கிறது. 'ஏற்ற இழப்பு' என்று எழுதினால் பங்குச் சந்தைச் செய்தி போலத் தோன்றும்.

ஏறுமட்டம் என்பதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இலக்கணம். சுடுசோறு, ஊறுகாய் போல அது வினைத்தொகை. ஏறிய மட்டம், ஏறுகிற மட்டம், ஏறும் மட்டம் மூன்றும் அதற்குள் அடங்கும். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் உண்மையில் அந்த உயரத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை. வழி விட்டால் போகும். நடந்ததையும் நடக்கப்போவதையும் பிரிக்காமல் சொல்ல நம் இலக்கணத்திலேயே இடம் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு இடுகுறிச் சொல் செய்வானேன்?

ஏறுதலும் மட்டமும் டெல்டாவில் புதிதல்ல. 'மடையில் தண்ணி ஏறலை' என்பது எங்கள் ஊரில் தினமும் காதில் விழுகிற புலம்பல். மேட்டூர் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டதா என்பது டீக்கடை முதல் கேள்வி. அசையாமல் நிற்கிற ஏரித் தண்ணீரில் நீர்மட்டமும் ஏறுமட்டமும் ஒன்றாகவே இருக்கும். மூடிய குழாய்க்குள் போனதும் பிரிந்துவிடும். மாணவருக்கு இந்த இடத்தை விளக்க அந்தச் சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

கூட்டுச்சொல்லாக்கிப் பார்த்தேன். மொத்த ஏறுமட்டம், உறிஞ்சு ஏறுமட்டம், வேக ஏறுமட்டம், ஏறுமட்ட இழப்பு எல்லாம் நாக்கில் தடுக்கவில்லை. உராய்வால் போவதை உராய்வு இழப்பு என்றாலே போதும். பம்பு உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தேவைப்படும் அளவுக்கு ஆங்கிலத்தில் நான்கு சொல் நீளப் பெயர் ஒன்று இருக்கிறது. அதைத் தமிழில் கட்டும்போது எனக்கும் நீண்டுவிட்டது. யாராவது சுருக்கித் தந்தால் நன்றி.

புதுச்சொல் ஒட்டாது என்று ஒருவர் எழுதியிருந்தார். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது கல்லணைக் கால்வாய். தஞ்சாவூரில் இன்றைக்கும் அதற்குப் புது ஆறு என்றுதான் பெயர். ஊர்க்காரருக்குக் கண்ணில் பட்டதை ஊர்க்காரர் வாயில் வருகிற சொல்லால் சொன்னால் அது எத்தனை ஆண்டானாலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நேற்று மாலை சித்தப்பா வீட்டுத் திண்ணையில் அந்தப் பழைய விவரத்தாளை எடுத்து, 'தலை' என்று இருந்த இடங்களில் பேனாவால் மாற்றி எழுதிக் கொடுத்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்: "உறிஞ்சு ஏறுமட்டம் 6 மீட்டர், மொத்த ஏறுமட்டம் 12 மீட்டர்."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி பன்னெண்டு மீட்டர் உசரம் ஏறும்ங்கிறான். அப்ப நம்ம வயலுக்கு ரெண்டு மீட்டர்தானேப்பா?" என்றார். அப்புறம் அவரே கேட்டார்: "பன்னெண்டு மீட்டர் ஏறுறப்ப கொட்டுற தண்ணியும், ரெண்டு மீட்டர் ஏறுறப்ப கொட்டுற தண்ணியும் ஒரே அளவா இருக்காதே? அதை ஏன் இதுல போடலை?"

உயரம் கூடக் கூட வரத்து குறையும் என்பதைக் காட்டுகிற வளைகோட்டைத்தான் அவர் கேட்டார். அதற்கும் நல்ல பெயர் வேண்டும். இதை முடித்துவிட்டு அடுத்த இழையைத் தொடங்கலாமா?

அன்புடன்,
நீடாமங்கலத்திலிருந்து