கொரோலா 121: ரேடியேற்றரை வீட்டிலயே மாத்தலாமோ?

குளக்கட்டான்:
கிளிநொச்சி. ரொயோட்டா கொரோலா 121 கார், ஓட்டோ கியர். எஞ்சின் சூட்டை ஆத்துற ரேடியேற்றரின்ர மேல் பிளாஸ்ரிக் தாங்கி வெடிச்சிட்டுது. புதுசு வாங்கியாச்சு. கழட்டிப் பூட்டேக்க என்ன கவனிக்கோணும்?

ஏ9_சாவி:
செய்யலாம் தம்பி. எஞ்சின் நல்லா ஆறின பிறகுதான் மூடியில கை வையுங்கோ. பற்றரி நெகற்றிவைக் கழட்டி, அடித்திருகைத் திறந்து பேசினில வடியுங்கோ. கூலன்ற் (உள்ளுக்க ஓடுற, சூட்டை ஆத்துற திரவம்) இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

ஓட்டோ கியர் எண்டபடியா அடித்தாங்கிக்கு ஓட்டோ கியர் ஒயில் (ATF) பைப் ரெண்டு வரும். கழட்டின கையோட அடைச்சுவிடுங்கோ. சிந்தின அளவுக்கு அதே வகைப் புது ஒயில் விடோணும். பழைய ரேடியேற்றரின்ர அடியில இருக்கிற ரப்பர் ரெண்டையும் கழட்டிப் புது ரேடியேற்றருக்குப் போடுங்கோ. இல்லாட்டி ஆடி ஆடித் திரும்ப வெடிக்கும்.

மாங்குளத்தான்:
கிணத்துத் தண்ணி விடவே கூடாது. எங்கட பக்கத்துக் கேத்திலுக்குள்ள பிடிக்கிற வெள்ளைப் படைதான் அந்த மெல்லிய குழாயளுக்குள்ளயும் பிடிக்கும். கலக்காத கூலன்ற் எண்டால் பாதிக்குப் பாதி காய்ச்சி வடிச்ச தண்ணி. ஹீற்றரை முழுச்சூட்டில வைச்சு, மூடி திறந்தபடி ஐடிலில விடுங்கோ. கீழ் ஹோசும் சுடத் தொடங்கினால் தேர்மோஸ்ரற் (சூடேறினால் திறந்து கூலன்ரை ரேடியேற்றருக்கால ஓடவிடுற வால்வு) திறந்திட்டுது. குமிழி நிக்குமட்டும் நிரப்புங்கோ.

ஏ9_சாவி:
மூடியையும் மாத்துங்கோ. அதின்ர வால்வு இறுகினால் அமுக்கம் வெளியேறாது, தாங்கிதான் வெடிக்கும்.