'ஜிஸ்' என்பதற்குத் தமிழில் 'சாடை' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பருந்து, கழுகு, வல்லூறு வகைகளை அடையாளம் காண நாம் தொகுக்கும் கையேட்டின் சொற்பட்டியலில் 'ஜிஸ்' (jizz, ஒரு பறவையைக் கண்ட நொடியிலேயே இன்னதென்று காட்டிக்கொடுக்கும் மொத்தத் தோற்றமும் அசைவும்) மட்டும் இன்னும் காலியாகவே கிடக்கிறது. கன்னங்குறிச்சி ஆசிரியர் ஐயா 'புறத்தோற்றம்' என்றார். மேட்டூர்த் தங்கை 'சாயல்' என்றார். இன்னொரு நண்பர் 'அளவு வடிவப் பொதுமனப்பதிவு' என்று எழுதியிருந்தார். அதை வாயால் சொல்லி முடிப்பதற்குள் பறவை ஆத்தூரைத் தாண்டியிருக்கும்.

அந்த நீளச் சொல் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களை அடையாளம் காண வைத்திருந்த 'ஜெனரல் இம்ப்ரெஷன் ஆஃப் சைஸ் அண்ட் ஷேப்' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம்தான் ஜிஸ் ஆயிற்று என்று ஒரு கதை உலவுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, காலம்தான் இடிக்கிறது. தாமஸ் கவர்ட் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் 1921லேயே மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகையில் இந்தச் சொல்லை எழுதிவிட்டார். அயர்லாந்தின் மேற்குக் கரைக்காரர் ஒருவர் வாய்மொழி என்றே அவர் சொல்கிறார். அது ஊர்ப்பேச்சு என்றால் நாமும் ஊர்ப்பேச்சில்தானே தேட வேண்டும்?

பொருள் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சேலத்தில் கறிக்கடைகளுக்கு மேலே சுற்றும் கள்ளப்பருந்தை யாரும் இறகு எண்ணிப் பார்ப்பதில்லை. வாலைச் சுக்கான் மாதிரி இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே போகும், அந்தத் திருகலே போதும். வல்லூறு நாலைந்து தரம் படபடவென்று அடித்துவிட்டு ஒரு சறுக்குச் சறுக்கும், மறுபடி படபட. கருந்தோள் பருந்து வயலுக்கு மேலே சிறகடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். உருவம், அசைவு, இருக்கும் இடம் எல்லாம் சேர்ந்து அரை நொடியில் மனதில் விழுகிறதே, அதற்குத்தான் பெயர் வேண்டும்.

என் வாக்கு 'சாடை'க்கு. காரணத்தைச் சொல்ல, நான் அசடு வழிந்த ஒரு காலையையும் சொல்லியாக வேண்டும்.

போன டிசம்பரில் ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றிருந்தேன். அங்கே ஒரு வசதி, கொண்டை ஊசி வளைவுகள் காலுக்குக் கீழே கிடக்கும், பருந்துகளும் சில சமயம் நமக்குக் கீழேயே பறக்கும், முதுகுப்பக்கம் பார்க்கக் கிடைக்கும். வெயில் ஏறிச் சரிவுப் பாறை சூடாகி, காற்று மேலே எழும்ப ஆரம்பிக்கும்வரை ஒன்றும் வராது. ஒன்பதரைக்கு மேல் ஒன்று வந்தது. முதுகைக் காட்டாமல் நேராக மேலேறி, வெள்ளை மேகத்துக்கு எதிரே வட்டமிட்டது. வெள்ளை வானத்தைப் பார்த்ததும் கேமரா ஒளியைக் குறைத்துக்கொள்ளும், வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப்பாவது ஏற்றி வைக்க வேண்டும் என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று மறந்தேன். நாற்பது படம், நாற்பதிலும் கரிக்கட்டை.

திரையில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்ததில் ஒன்று மட்டும் தேறியது. அகன்ற சிறகு, அதில் வரிவரியாகப் பட்டைகள், வாலிலும் பட்டை. தலை சிறகுக்குப் பின்னே மறைந்திருந்தது. 'கிரெஸ்டட் ஹாக் ஈகிள்', அதாவது கொண்டை வைத்த கழுகு, என்று பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகவே சொன்னேன். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் டீ டம்ளரோடு நின்றிருந்தார். கையில் பைனாகுலர்கூட இல்லை.

"அது தேனடைக்கு வர்றது சார். கழுத்த நீட்டிக்கிட்டுப் போவுது பாருங்க, புறாத் தலை. எங்க சில்வர் ஓக் மரத்துல குளவிக்கூட்டப் பிரிச்சுப் போட்டதும் இதுதான்."

நான் சிறகுப் பட்டைகளைக் காட்டினேன். அவர் கேமராவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"றெக்கைய எதுக்கு சார் பாக்கறீங்க? ஜாடையிலயே தெரியுதே."

வீட்டுக்கு வந்து, அழிக்க ஒதுக்கியிருந்த மங்கல் படங்களைப் புரட்டினேன். நீண்ட கழுத்து, சின்னத் தலை, சிறகு நுனியில் விரல்போல் விரிந்த ஆறு இறகுகள், தட்டையாக நீட்டிய சிறகு. தேன் பருந்து! தேறிய படம் பொய் சொன்னது, தேறாத படம் உண்மை சொன்னது. ஒன்றுக்கொன்று நிறம் ஒத்துப்போகாத பறவை இது. கரும்பழுப்பிலும் இருக்கும், ஏறக்குறைய வெள்ளையாகவும் இருக்கும், சிலவற்றின் சிறகு வேறொரு கழுகின் சிறகைப் பார்த்து வரைந்தது போலிருக்கும். மாறாதது அந்தப் புறாத் தலையும் பறக்கும் விதமும். பெயர்தான் தேன் பருந்து, அதற்கு வேண்டியது தேனைவிட அடையிலிருக்கும் புழுக்கள். கொட்டு வாங்காமலிருக்க முகத்தில் செதில் போன்ற குட்டி இறகுகள் நெருங்கியிருக்கும், அது நல்ல படத்தில்தான் தெரியும். படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கை நிறுத்திப் பிடிக்கும் படத்தில் அசைவு இருக்காது, அவ்வளவுதான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'புறத்தோற்றம்' அசையாமல் நிற்கிறது, இறகு நிறத்தைச் சொல்ல வைத்துக்கொள்ளலாம். 'சாயல்' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் 'சாயல் மென்மை' என்கிறது தொல்காப்பியம். மயிலுக்குப் பொருந்தும், எலியைக் கிழிக்கிறவனுக்குக் கொஞ்சம் இடிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், 'வயிற்றில் செம்மண் சாயல்' என்று நிறத்துக்கு அந்தச் சொல்லைக் கையேட்டில் ஏற்கெனவே பத்து இடத்தில் எழுதிவிட்டோம். 'வாகு' உடம்போடு நின்றுவிடும். 'தோரணை' கிளையில் உட்கார்ந்திருப்பதற்குச் சரி.

தெருக்கோடியில் முதுகு காட்டிப் போகிறவரைப் பார்த்து "அப்படியே அவங்க பெரியப்பா சாடை" என்கிறோம். முகமே பார்த்திருக்க மாட்டோம். நடை, தோள் சாய்வு, கை வீச்சு, எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜிஸ் இதுதானே? புறாவைப் புறநானூறு 'குறுநடைப் புறவு' என்கிறது. நிறத்தை விட்டுவிட்டு நடையைப் பிடித்திருக்கிறார் புலவர். 'பறக்கும் சாடை', 'அமர்ந்த சாடை' என்று பிரித்துக்கொள்ளவும் வசதி. கையேட்டில் இப்படி எழுதலாம்: "தேன் பருந்தை இறகு நிறத்தால் முடிவு செய்யாதீர்கள், முதலில் சாடை பாருங்கள்."

ஜாடை என்று எழுதுவதா சாடை என்று எழுதுவதா என்று சண்டை வரும். அச்சில் சாடை, வாயில் எதுவானாலும் சரி.

ஏற்காடு அடிவாரத்திலிருந்து

*

தம்பிக்கு,

பெரியவரிடம் தோற்றதை மறைக்காமல் எழுதியதற்கே உங்கள் சொல்லை ஏற்கலாம். ஆனால் ஒரு தடை. சாடை என்பது ஒன்று இன்னொன்றைப் போலிருப்பது. 'அப்பா சாடை' என்றால் அவர் அப்பா இல்லை, மகன். 'கழுகுச் சாடை' என்று எழுதினால் கழுகு போல இருக்கிறது, ஆனால் கழுகு இல்லை என்றுதான் என் மாணவர்கள் படிப்பார்கள். நீங்கள் சொல்ல வருவதற்கு நேர் எதிர்.

கன்னங்குறிச்சி

*

ஐயா,

இது எனக்குத் தோன்றவே இல்லை. தடை சரிதான். அப்படியென்றால் வேற்றுமை உருபை விடாமல் எழுதுவோம். 'கழுகின் சாடை' என்றால் கழுகுக்கே உரியது, ஜிஸ். 'கழுகுச் சாடை' என்றால் கழுகு போன்றது. லேடீஸ் சீட்டில் எனக்கு நடந்ததையே அப்போது ஒரு வரியில் எழுதிவிடலாம்: சிறகுப் பட்டையில் கழுகுச் சாடை, பறப்பதில் தேன் பருந்தின் சாடை. பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாகப் போடலாமா?

ஏற்காடு அடிவாரம்

*

அண்ணா, ஐயா,

'சாயலை' வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நேற்று அணைப்பக்கம் போனபோது சோதித்துப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே வெகு தூரத்தில் ஒன்று, சிறகு மணிக்கட்டில் மடங்கி வளைந்திருந்தது. "விரால் அடிப்பான் சாடையா இருக்கு" என்றேன். கூட வந்த பையன் "அப்போ விரால் அடிப்பான் இல்லையாக்கா?" என்றான். ஐயா சொன்னது அப்படியே நடந்தது! "விரால் அடிப்பானோட சாடை" என்றதும் தலையாட்டினான். பேச்சிலும் அந்த 'ஓட' வேண்டியிருக்கிறது.

இரண்டு பதிவாகவே ஏற்றிவிட்டேன். அடுத்த காலி இடம் 'மார்ஃப்', ஒரே இனப் பறவை வேறு வேறு நிறத்தில் வருகிறதே, அந்த ஒவ்வொரு வகைக்கும் பெயர். 'நிறவடிவம்' என்று யாரோ பென்சிலில் எழுதி, அவர்களே அடித்தும் வைத்திருக்கிறார்கள். யார் என்று சொன்னால் நல்லது.

மேட்டூர்