நண்பகலில் பூங்காவைப் பூட்டலாமா?

மாம்பலத்தான்:
சென்னையில் மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில், காலை நடைப்பயிற்சிக்காரர்கள் கிளம்பியதும் கேட்டைப் பூட்டிவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். நெடுநாள் வழக்கம் இது. தி.நகர் மாதிரி கடைவீதி நடுவே இருக்கும் பூங்காக்களிலாவது இந்த வழக்கம் கூடாது என்கிறேன். ரங்கநாதன் தெருவில் துணி எடுக்க வெளியூரிலிருந்து வருபவர்கள், ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் கடுத்துப்போன பெண்கள், அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கும் டெலிவரி பையன்கள் எல்லோருக்கும் நிழல் தேவைப்படுவது மத்தியானம் ஒரு மணிக்குத்தான். அப்போது பார்த்துப் பூட்டு தொங்குகிறது. தூங்குமூஞ்சி மரம் உள்ளே நிழல் விரித்திருக்க, வேர்த்து வழியும் ஆள் வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

லக்ஷ்மி அக்கா:
எனக்கு இதில் உடன்பாடில்லை. எங்கள் பகுதிப் பூங்காவைக் கொஞ்ச காலம் நாள் முழுக்கத் திறந்து வைத்துப் பார்த்தார்கள். சாயந்திரம் பிள்ளைகளோடு போனால் பெஞ்சுக்கு அடியில் காலி பாட்டில், பிரியாணிப் பொட்டலம். எட்டு வடிவ நடைபாதையின் கூழாங்கல் மேலெல்லாம் பாக்கு எச்சில். அதில் வெறுங்காலோடு நடப்பவர்கள் நாங்கள்! ஊஞ்சலில் தடியர்கள் ஆடி ஒரு பக்கச் சங்கிலி அறுந்தது. இருப்பதோ ஒரே தோட்டக்காரர். காலையும் மாலையும் கூட்டம் என்றால் அவர் தண்ணீர் பாய்ச்சுவதும் புல் வெட்டுவதும் மத்தியானம்தானே?

மாம்பலத்தான்:
அக்கா, தோட்டக்காரர் விஷயம் நியாயம். ஒரு நாள் ஒரு பாதியை மூடி வேலை செய்யட்டும், மறுநாள் மறு பாதி. ஆனால் பாட்டில் வருவது ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில்தான். நியூயார்க்கின் பிரையண்ட் பூங்காவில் 1970-களில் போதைப்பொருள் வியாபாரம் பகிரங்கமாக நடந்தது. வில்லியம் வைட் என்பவர் ஆராய்ந்து, தெருவிலிருந்து உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் சிக்கல் என்றார். 1988-இல் மூடி, மறைப்பை அகற்றி, வாசல்களைத் திறந்துவிட்டு, இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளோடு 1992-இல் திறந்தார்கள். கூட்டம் வந்தது, வியாபாரம் ஓடிப்போனது.

ராகவன்:
அந்தப் பூங்காவை நடத்துவது சொந்தமாக நிதி திரட்டும் தனி அமைப்பு. நம் மாநகராட்சிக்கு அந்தப் பணம் எங்கே? கட்டணம் வையுங்கள். கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் பெரியவர்களுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். காசு கொடுத்து வருபவர் குப்பை போட யோசிப்பார்.

பைக் குமரன்:
நான் டெலிவரி வேலை பார்க்கிறேன் சார். அரை மணி நேரம் உட்கார 100 ரூபாய் கொடுத்தால் அன்றைய பெட்ரோலுக்கு என்ன செய்வது? 2025-இல் அண்ணா நகரில் எங்களுக்காக மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்தது, சந்தோஷம். ஆனால் நாங்கள் ஊர் முழுக்க ஓடுகிறோமே. பெஞ்சுக்கு நடுவில் கம்பி வைத்திருக்கிறார்கள், யாரும் படுத்துவிடக் கூடாதாம். சரி, உட்காரவாவது விடுங்கள். இந்த வேலையில் இருக்கும் பெண்கள் கழிப்பறைக்கு அலைவதைப் பார்த்திருக்கிறீர்களா? பூங்காவில் கழிப்பறை இருக்கிறது, கேட்டுக்குப் பின்னால்.

மாம்பலத்தான்:
ராகவன் சார், தி.நகரே மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான ஊர். ஊருக்குப் பொதுவாயிருந்த நீர்நிலைக்கு ஈடாக மிஞ்சியதில் இந்தச் சில ஏக்கர் பூங்காவும் அடக்கம். இங்கே இருக்கும் பனகல் பூங்கா யார் பெயரில் இருக்கிறது? பனகல் அரசர் பெயரில். அவர் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த 1924-இல்தான், இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச் சாலைகளும் கிணறுகளும் எந்தச் சாதியாருக்கும் தடையின்றித் திறந்திருக்க வேண்டும் என்று அரசாணை வந்தது. அவர் பெயர் தாங்கிய பூங்காவுக்குக் கட்டணம் கேட்பது எனக்கு நெருடுகிறது.

லக்ஷ்மி அக்கா:
அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள் தம்பி. அது மனிதரை மனிதர் தீண்டாமல் ஒதுக்கிய கொடுமை, இது பராமரிப்புக்கான நேரக் கணக்கு. கட்டணம் வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். குமரன் சொன்ன கழிப்பறை விஷயத்துக்கும் என்னிடம் மறுபேச்சில்லை. கடைவீதிப் பூங்காவில் மத்தியானத்துக்கு ஒரு பெண் காவலர், தினமும் கழுவப்படும் கழிப்பறை, ஊஞ்சல் பகுதிக்குத் தனி வேலி, இந்த மூன்றும் இருந்தால் திறக்கட்டும். எங்கள் தெருமுனைப் பூங்கா வேறு. அங்கே வெளியூர்க் கூட்டமும் கிடையாது, கடையும் கிடையாது.

மாம்பலத்தான்:
வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் இருக்கிறார்களே அக்கா. ஒரு வீட்டில் பதினொன்றரைக்கு முடித்து அடுத்த வீட்டுக்கு இரண்டு மணிக்குப் போகிறவர்கள், நடுவில் டிபன் பாக்ஸைத் திறக்க உங்கள் தெருவில் எங்கே உட்காருவார்கள்?

லக்ஷ்மி அக்கா:
எங்கள் அபார்ட்மெண்ட் படிக்கட்டில் உட்காருகிறார்கள். அது சரியில்லைதான். ஆனாலும் காவலர் இல்லாமல் கேட்டைத் திறந்துவிடச் சம்மதிக்க மாட்டேன். முதலில் ஆளைப் போடச் சொல்லுங்கள், குடியிருப்போர் சங்கத்தில் நானே பேசுகிறேன்.