கப்பி மீன் தினம் ஒன்று சாகிறது, என்ன மருந்து? அவசரம்

பெருந்துறையான் (செவ்வாய், இரவு 10.52)
வணக்கமுங்க. வீட்டில் கப்பி வளர்க்கிறேன். பத்து நாளில் ஏழு மீன் செத்துவிட்டது. வாலைச் சுருக்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் நிற்கிறது, ரெண்டு மூன்று நாளில் அடியில் கிடக்கிறது. கடையில் கொடுத்த நீல மருந்து போட்டேன், பிரயோஜனம் இல்லை. என்ன மருந்து வாங்கணும்? காலையில் கடைக்குப் போகணும், சீக்கிரம் சொல்லுங்க. பாப்பா அழுதுகொண்டே தூங்கிவிட்டாள்.

பல்லடம் அக்கா (இரவு 11.04)
தம்பி, தொட்டி எத்தனை அடி? எத்தனை மீன் இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது? என்ன தண்ணீர்? ஃபில்டர் ஓடுகிறதா? கடைசியாக எப்போது புது மீன் விட்டீர்கள்? பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்க. இதெல்லாம் தெரியாமல் மருந்துப் பெயர் சொன்னால் பாவம், மிச்சம் இருப்பதும் போய்விடும்.

உப்புக்கல் (இரவு 11.10)
கல்லுப்பு போடுங்க. லிட்டருக்கு 1 கிராமில் ஆரம்பித்து மூன்று நாளில் 3 கிராம் வரை ஏற்றலாம். அயோடின் பயம் எல்லாம் வேண்டாம், சமையலுக்கு வாங்கும் கல்லுப்பே போதும். கப்பிக்கு உப்பு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். வால் சுருங்குவதற்கு நான் வேறு எதுவும் போட்டதே இல்லை.

வாதுமை இலை (இரவு 11.31)
காய்ந்து தானாக விழுந்த நாட்டு வாதுமை இலை ரெண்டு போடுங்க. கழுவி, வெந்நீரில் ஒரு கொதி விட்டுப் போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், மீனுக்குப் படபடப்பு அடங்கும். கோபியில் எங்கள் வீதியிலேயே மரம் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

பழைய தொட்டி (புதன், காலை 6.15)
இந்தக் கேள்வி மாதம் நான்கு முறை வருகிறது. நான் 22 வருடமாகக் கப்பி வளர்க்கிறேன், பத்துக்கு எட்டு சாவு தண்ணீரால்தான். மருந்து எது என்று கேட்பதற்கு முன்னால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரைட், தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மூன்றையும் அளந்து எழுதணும். அளக்கத் தெரியாதவர்கள் மீன் வாங்கும் முன்னால் கொஞ்சம் படித்திருக்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மோனியா எவ்வளவு என்பது பாதிக் கணக்குத்தான். பிஎச் 7இல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8.2 ஆகி, நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரிக்கு வந்துவிட்டால் பத்தில் ஒரு பங்கு விஷமாக மாறிவிடும். அதே அளவு, பத்து மடங்கு ஆபத்து. ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் பக்கம் போர் தண்ணீரில் வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்தே ஆகணும். நீல மருந்து என்றால் மெத்திலின் புளூவாக இருக்கும். அதை மெயின் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்றுகொண்டிருக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிபடும். மீனைக் காப்பாற்றப் போட்ட மருந்தே அம்மோனியாவை ஏற்றிவிடும்.

பெருந்துறையான் (காலை 8.40)
2 அடி தொட்டி. ஸ்பாஞ்ச் ஃபில்டர். உப்புத் தண்ணிதான், ரெண்டு வருசமா அதேதான். வேலைக்குப் போகிறேன், பொழுதோட வந்து பார்க்கிறேன்.

மெட்ராஸ் மீன் (காலை 9.05)
ஏற்கெனவே உப்புப் போட்டிருக்கிறாரா? எவ்வளவு போட்டார் என்று சொல்லவில்லையே. இரண்டு வருடமாக உப்பிலேயே இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

பல்லடம் அக்கா (காலை 9.20)
இல்லைங்க. எங்கள் பக்கம் போர் தண்ணீரைத்தான் உப்புத் தண்ணி என்போம். ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி. அவர் உப்புப் போடவில்லை, போர் தண்ணீரில் வளர்க்கிறார்.

சிறுவாணி (காலை 10.12)
அப்படியென்றால் காரணம் தெரிந்துவிட்டதே. எங்கள் ஊர் போரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1400 காட்டுகிறது, குளியலறைக் குழாயெல்லாம் வெள்ளைப் படிமம். அந்தத் தண்ணீரில் மீன் எப்படிப் பிழைக்கும்? ஆர்ஓ தண்ணீருக்கு மாறுங்க. நான் கோவையில் சிறுவாணித் தண்ணீரில் வளர்க்கிறேன், கண்ணாடி மாதிரி இருக்கும்.

உப்புக்கல் (காலை 10.30)
ஆர்ஓ தண்ணீரில் கப்பியை விட்டால் ஒரு மாதத்தில் வால் கிழியும். கப்பிக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். டிடிஎஸ் மீட்டர் மொத்தக் கரைசலைத்தான் காட்டும். அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. குழாயில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம். அது கப்பிக்கு நல்லது.

சிறுவாணி (காலை 10.41)
என் கப்பிக்கு வால் கிழியவில்லையே. சிறுவாணி மென்தண்ணீர்தான், மூன்று தலைமுறை குட்டி எடுத்துவிட்டேன்.

பழைய தொட்டி (காலை 11.02)
ரெண்டு பேரும் அரைகுறையாகப் பேசுகிறீர்கள். பழகின தண்ணீர் எதுவானாலும் கப்பி தாங்கும், ஒரே நாளில் மாற்றினால்தான் சாகும். போர் தண்ணீரில் இருந்த மீனை இன்றைக்கு ஆர்ஓவில் தூக்கிப் போட்டால் நாளைக்கு மிதக்கும். அவருக்கு அந்த யோசனையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வாதுமை இலை (காலை 11.25)
கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று நகராட்சிக்காரர்களே கப்பியைச் சாக்கடையிலும் பாழுங்கிணற்றிலும் விடுகிறார்கள். அங்கே யார் தண்ணீர் அளக்கிறார்கள்?

சிறுவாணி (காலை 11.33)
அது நாட்டுக் கப்பி. கடையில் வாங்கும் பெரிய வால் கப்பி அண்ணன் தங்கைக்குள்ளேயே பல தலைமுறை இனம் சேர்த்து எடுத்தது. ரெண்டையும் ஒன்றாகச் சொல்லக் கூடாது.

நாமக்கல் கோழிக்காரர் (மதியம் 1.48)
தண்ணீர்ப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவைப்போமுங்க. ரெண்டு வருடமாக அதே தண்ணீரில் நன்றாக இருந்த மீன் பத்து நாளாகச் சாகிறது என்றால் புதிதாக ஏதோ தொட்டிக்குள் வந்திருக்கிறது. பெருந்துறைத் தம்பி, மூன்று விஷயம் மட்டும் பார்த்துச் சொல்லுங்க. ஒன்று, செத்த மீன் வயிறு ஒட்டி, முதுகு வளைந்து இருந்ததா? ரெண்டு, உடம்பில் வெள்ளைப் புள்ளியோ, தங்கத் தூள் மாதிரிப் படலமோ, முதுகில் வெளிறின பட்டையோ உண்டா? மூன்று, மீன் அசையாமல் நிற்கும்போது கழிவு வரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்க. அங்கே ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா?

வெள்ளாடு (மதியம் 2.10)
வெள்ளைப் பட்டை இருந்தால் காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா நோய். அதற்குத் தண்ணீர் சூட்டை ஏற்றவே கூடாது, சூடு ஏற ஏற வேகமாகப் பரவும். வெள்ளைப் புள்ளி நோய்க்குச் சூடு ஏற்றச் சொல்வார்கள், அந்த ஞாபகத்தில் இதற்கும் ஏற்றி நான் ஒரு தொட்டியையே இழந்திருக்கிறேன். இன்னொன்று, டெட்ராசைக்ளின் வகை மருந்து கடினத் தண்ணீரில் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போய்விடும். போர் தண்ணீர்க்காரர்கள் அதை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்.

பெருந்துறையான் (இரவு 8.17)
புள்ளி, படலம், பட்டை எதுவும் இல்லைங்க. வயிறு ஒட்டித்தான் இருக்கிறது, ரெண்டுக்கு முதுகும் வளைந்திருக்கிறது. பின்பக்கம் சிவப்பு நூல் மாதிரி நாலைந்து நீட்டிக்கொண்டிருக்கிறது, பெரிய பொட்டை மீனுக்கு நன்றாகத் தெரிகிறது. அது ஒரு மாசமா இருக்குங்க, சிவப்புத் தீனி போடுவதால் வரும் கழிவு என்று நினைத்து எழுதவில்லை. நண்பர் தண்ணீர் அளக்கும் கிட் கொடுத்தார். அம்மோனியா 0.25, நைட்ரைட் 0, பிஎச் 8.2. பங்குனி நோம்பிக்கு ஈரோடு போனபோது ஆறு புது மீன் வாங்கி விட்டோம். இப்போது 13 இருக்கிறது.

நாமக்கல் கோழிக்காரர் (இரவு 8.26)
அது கழிவு இல்லை தம்பி, புழு. கேமலானஸ் என்று பெயர். கழிவு என்றால் உதிர்ந்து விழும். இது மீன் நிற்கும்போது வெளியே நீட்டும், மீன் ஓடினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிப்பதால்தான் அந்தச் சிவப்பு. வெளியே தெரிவது பெண் புழு. அது முட்டை இடாது, நேராகக் குட்டிப் புழுக்களைத் தண்ணீரில் விடும். குளத்தில் என்றால் அதைத் தண்ணீர்ப் பூச்சி தின்று, பூச்சியை மீன் தின்று சுற்று நடக்கும். தொட்டிக்குள் அந்தப் பூச்சி இல்லாமலேயே மீனுக்கு மீன் பரவும். அதனால்தான் ஒன்றன் பின் ஒன்றாகப் போகிறது. இடுக்கியால் பிடித்து இழுத்துவிடாதீர்கள், குடல் கிழிந்துவிடும்.

மருந்து லெவமிசோல். மீன் கடையில் தேட வேண்டாம், கோழி மருந்து விற்கும் கால்நடை மருந்துக்கடையில் பொடியாகக் கிடைக்கும். தண்ணீரில் கரையும் லெவமிசோல் ஹைட்ரோகுளோரைடு என்று போட்டிருக்கணும், வேறு மருந்து கலந்திருக்கக் கூடாது.

வெள்ளாடு (இரவு 8.40)
எங்கள் ஆட்டுக்கு ஊற்றும் பூச்சி மருந்திலும் லெவமிசோல்தான் இருக்கிறது. பாட்டில் வீட்டிலேயே இருக்கிறது, அதையே விடலாமே?

நாமக்கல் கோழிக்காரர் (இரவு 8.52)
வேண்டாமுங்க. ஆட்டு மருந்தில் பெரும்பாலும் ஆக்ஸிகுளோசனைடு சேர்ந்து வரும். அது ஈரல் தட்டைப் புழுவுக்கு, மீன் தொட்டிக்கு இல்லை. ஐவர்மெக்டின் இருக்கும் எதையும் தொடவே வேண்டாம், மீனுக்கு அது விஷம். பிராசிகுவான்டல் நாடாப் புழுவுக்கும் தட்டைப் புழுவுக்கும்தான் கேட்கும், இந்த உருளைப் புழுவுக்குக் கேட்காது. ஃபென்பென்டசோல் கேட்கும், ஆனால் தண்ணீரில் சரியாகக் கரையாது, தீனியில் கலக்கணும், தொட்டியில் நத்தை இருந்தால் சாகலாம். லெவமிசோல் செடி, நத்தை, ஃபில்டர் எதையும் கெடுக்காது.

அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். 2 அடி தொட்டி என்றால் அகலம், உயரம் 1 அடி என்று வைத்தால் நிறைய 56 லிட்டர் பிடிக்கும். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் இருக்கும், குடத்தால் அளந்தவர் என்றால் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்க. 45 லிட்டருக்கு 90 மில்லிகிராம் மருந்து வேண்டும். பாக்கெட்டில் 30 சதவீதம் என்று இருந்தால் 1 கிராம் பொடியில் 300 மில்லிகிராம் இருக்கிறது. அந்த 1 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, அதில் 30 மில்லி மட்டும் தொட்டியில் விடுங்க. சதவீதம் வேறாக இருந்தால் இங்கே எழுதுங்க, கணக்குப் போட்டுத் தருகிறேன். கண்ணளவில் போட வேண்டாம்.

ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்க. லைட்டை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடுங்க, வெளிச்சத்தில் மருந்து வீரியம் குறையும். அன்றைக்குத் தீனி வேண்டாம். இந்த மருந்து புழுவை உடனே கொல்லாது, மரக்கச் செய்யும். பிடி விட்டுக் கழிவோடு கீழே விழும். 24 மணி நேரம் கழித்து அடிமணலைக் குழாய் வைத்து நன்றாக உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீருக்கு மேல் மாற்றுங்க. அடியில் விட்டுவைத்தால் மீன் திரும்பத் தின்னும். ரெண்டு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் இன்னொரு தடவை இதே மாதிரி. புழு தெரிகிற மீனுக்கு மட்டும் இல்லை, தொட்டி முழுக்க.

பழைய தொட்டி (இரவு 9.30)
0.25 அம்மோனியாவும் பிஎச் 8.2உம் சேர்ந்தால் சும்மா விடும் அளவு இல்லை என்பதை யாரும் மறக்க வேண்டாம். புழு பலவீனமான மீனைத்தான் சாய்க்கும். புது மீனை மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இதை நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்.

பல்லடம் அக்கா (இரவு 9.44)
சரிங்க, அவருக்குத் தெரியவில்லை, இப்போது தெரிந்துகொண்டார். தம்பி, வலை, உறிஞ்சும் குழாய், வாளி எதையும் வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். நண்பருக்குக் குட்டி கொடுத்திருந்தால் அவரிடமும் பார்க்கச் சொல்லுங்க. முதுகு வளைந்த ரெண்டும் பிழைக்காமல் போகலாம், பாப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவையுங்க.

பெருந்துறையான் (சனி, மதியம் 12.20)
நாமக்கல் அண்ணா சொன்ன மாதிரியே போட்டேன். 30 சதவீதப் பொடிதான் கிடைத்தது. காலையில் அடியில் ஒன்பது புழு, ஒவ்வொன்றும் நகத்தளவு நீளம். வளைந்தது ரெண்டும் போய்விட்டது. மிச்சம் 11 மேலே வந்து தீனி கேட்கிறது. ரொம்ப நன்றிங்க.

சிறுவாணி (சனி, மதியம் 1.02)
நல்ல செய்தி. இருந்தாலும் அடுத்த தடவை தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணி கலந்து பாருங்க.

உப்புக்கல் (சனி, மதியம் 1.09)
கலக்கவே வேண்டாம். மருந்து போட்டுத் தேறி வரும் மீனுக்கு இப்போது தண்ணீரை மாற்றிப் பார்க்கும் நேரமா?

நாமக்கல் கோழிக்காரர் (பதினேழு நாள் கழித்து, காலை 7.05)
பெருந்துறைத் தம்பி, ரெண்டாம் தடவை போட்டாச்சுங்களா? முதல் தடவையில் தப்பின குட்டிப் புழு இந்நேரம் வளர்ந்திருக்கும். 30 மில்லி, அதே அளவுதான். பொடி கரைத்த பழைய தண்ணீர் வேண்டாம், புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்க.