ரீங்காரம் வேண்டாம், 'உறுமல்முறிச் சுருள்' எப்படி?

நண்பர்களே,

பழைய வால்வு ரேடியோ ஸ்பீக்கரில் மின்சார 'ஹம்' சத்தத்தை அடக்கும் சின்னச் சுருளான ஹம் பக்கிங் காயிலுக்கு (hum bucking coil) தமிழில் 'ரீங்கார நீக்கிச் சுருள்' என்று வந்திருக்கும் சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் உதைக்கிறது.

ரீங்காரம் வண்டுக்கு உரியது, காதுக்கு இனியது. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தை முழு அலையாகத் திருத்தி நேர்மின்சாரம் ஆக்கும்போது மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் சத்தத்தை வால்வு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் யாரும் ரீங்காரம் என்று சொல்லமாட்டார். அது உறுமல்.

அடுத்தது 'நீக்கி'. 1930களின் ஸ்பீக்கர்கள் பலவற்றில் நிலைக்காந்தம் கிடையாது, புலச்சுருளில் (field coil) மின்சாரம் ஓடினால்தான் காந்தமே உண்டாகும். அந்தச் சுருளையே பவர் சப்ளைக்குச் சோக்காகவும், அதாவது மின்சாரத்தின் அலைவை வடிகட்டும் சுருளாகவும், வைத்துக்கொண்டார்கள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் வடிகட்டியது போக மிஞ்சிய அலைவு புலச்சுருளில் ஓடுவதால் காந்தப்புலமும் கூடவே ஆடும், அந்த ஆட்டம் கூம்பை அசைக்கும் குரல்சுருளிலும் (voice coil) உறுமலைத் தூண்டிவிடும். அதனால் புலச்சுருளை ஒட்டிச் சில சுற்றுக் கம்பியைச் சுற்றி, குரல்சுருளோடு தொடரில், எதிர்த்திசையில் இணைத்தார்கள். இங்கே எதுவும் வடிகட்டப்படுவதில்லை, இந்தச் சுருளில் எழும் உறுமல் குரல்சுருளின் உறுமலை முறிக்கிறது, முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காய்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றி, கிழிந்த காகிதக் கூம்பை ஒட்டி, எல்லாம் முடிந்தது என்று சுவிட்சைப் போட்டால் முன்னைவிடப் பலமாக உறுமியது! அரை நாள், மின்சாரத்தைத் திருத்தும் வால்வையும் மண்ணிணைப்பையும் சந்தேகப்பட்டுத் தீர்த்த பிறகு, அந்தச் சின்னச் சுருளின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். கூம்பில் காதை வைத்தால்தான் கேட்கும் என்ற அளவுக்கு அடங்கிவிட்டது. தலைகீழாக இணைத்தால் உறுமலைக் கூட்டுகிற ஒன்றை எப்படி 'நீக்கி' என்பது?

நஞ்சை முறிப்பது நச்சுமுறி என்றால் உறுமலை முறிப்பது உறுமல்முறி. எனவே 'உறுமல்முறிச் சுருள்'. நடுவில் உள்ள 'ச்' முக்கியம், அதை விட்டு 'முறிசுருள்' என்று எழுதினால் வினைத்தொகையாகி, ஏதோ முறிந்துபோன சுருள் என்று பழுதுபார்ப்பவர் அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்.

அப்புறம், சோக்கை 'அடைப்புச்சுருள்' ஆக்க வேண்டாம். டியூப்லைட் புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல், அப்படியே இருக்கட்டும். 'முறி' பிடிக்காதவர்கள் 'உறுமலெதிர்ச் சுருள்' என்றாலும் சம்மதம்தான், ரீங்காரத்தை மட்டும் வண்டிடமே கொடுத்துவிடுங்கள்.